ஏற்றத்தில் திறக்காத மதகு

சந்திராவத்தி என்று சொன்னால் எங்கள் பக்கத்தில் யாருக்கும் சட்டென்று தெரியாது. மதகுக்காரி என்றால் தெரியும். செங்கல் பைத்தியம் என்றால் இன்னும் நன்றாகத் தெரியும். எங்கள் முன்னோர் கப்பலேறி வந்து கரும்பு வெட்டிய இந்த மஹைக்கோனி ஆற்றங்கரையில் பட்டப்பெயர் இல்லாமல் யாரும் சாவதில்லை. என் வீட்டுக்காரருக்கே ‘ஊறுகாய்’ என்று பெயர். ஏன் என்று அவருக்கும் தெரியாது, வைத்தவனுக்கும் தெரியாது. ஆனால் இவளுக்கு வைத்த பெயரில் கொஞ்சம் விஷம் இருந்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை. அதனால்தான் இதைச் சொல்கிறேன்.

எங்கள் நெல் வயல்களுக்குப் பின்னால் பெரிய கால்வாய் ஓடுகிறது. அதன் நீளத்தை முழுதாக நடந்து பார்த்தவர் யாரையும் நான் சந்தித்ததில்லை. அந்தக் கால்வாயை ஆற்றோடு சேர்ப்பது ஒரு துண்டு வாய்க்கால். டச்சுக்காரன் காலத்தில் அடிமைகள் இடுப்பளவு சேற்றில் நின்று வெட்டியது. எத்தனை பேர் அதிலேயே போனார்களோ, இன்றைக்கும் உச்சிவேளையில் அந்தப் பக்கம் தனியாகப் போகிறவர்கள் கரையில் கொஞ்சம் ரம் ஊற்றிவிட்டுத்தான் போவார்கள். ‘வெட்டு’ என்றுதான் அதற்குப் பெயர். ஒரு முனையில் நின்று திட்டினால் மறுமுனையில் இருப்பவன் திருப்பித் திட்டலாம், அவ்வளவுதான் தூரம். ஆனால் அந்தத் துண்டு அடைத்துக்கொண்டால் பெரிய கால்வாய் வெறும் குட்டை, எங்கள் வயல்கள் அதற்கு மேல் ஒரு குட்டை.

வெட்டு ஆற்றைத் தொடும் இடத்தில் கோக்கர் இருக்கிறது. மதகுதான், ஒரு பெரிய மரக்கதவு, இரண்டு சங்கிலி, சுற்றுவதற்கு ஒரு இரும்புச் சக்கரம். ஆறு வற்றும்போது கதவைத் தூக்கினால் வயலின் வேண்டாத தண்ணீர் வெளியே போகும். கடல் தள்ளி ஆறு ஏறுவதற்குள் கதவை இறக்கிவிட வேண்டும், அந்த ஏறுதலுக்கு ஏற்றம் என்று பெயர். மறந்தால் கடல் உப்பு உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். கேட்பதற்குச் சுலபமான வேலை. ஆனால் கடல் நேற்று வந்த நேரத்துக்கு இன்று வராது, கொஞ்சம் தள்ளித்தான் வரும். அதனால் மதகுக்காரனின் தூக்கமும் தினமும் தள்ளித் தள்ளிப் போகும். உலகம் சாப்பிடும்போது அவன் தூங்குவான், உலகம் தூங்கும்போது சக்கரம் சுற்றுவான்.

சந்திராவத்தியின் அப்பா ஜெய்கரன் மாமா அப்படித்தான் வாழ்ந்தார். நான் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தபோதே அவருக்கு வயது தெரியாத முகம். எங்கே உட்கார்ந்தாலும் தூங்குவார். சாமி கதை வாசிக்கும் இடத்தில் தூங்குவார், டாமினோ ஆடும்போது கட்டையைக் கையில் வைத்துக்கொண்டே தூங்குவார். துக்க வீட்டில் அவரைப் பார்த்துவிட்டு, “செத்தது யாரு, நாற்காலில இருக்கிறவரா?” என்று ஒரு வெளியூர்க்காரன் கேட்டதை இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். மனைவி சீக்கிரம் போய்விட்டாள். ஒரே மகள். மனிதருக்கு இருந்த ஆசையும் ஒன்றே ஒன்று: தார் ரோடு இருக்கிற ஊரில், கடிகாரம் பார்த்துப் படுத்துக் கடிகாரம் பார்த்து எழுந்திருக்கிற வீட்டில் அவளைக் கொடுத்துவிட வேண்டும்.

அப்படி ஒரு இடமும் வந்தது. கடலோரத்து ரோட்டில் கடை வைத்திருந்த பல்ராஜ் என்பவரின் மகன். பெண் பார்க்க வந்த அன்று பையன் இவளிடம், “உனக்கு என்ன பிடிக்கும்?” என்று கேட்டானாம். “தூக்கம்” என்றாளாம். அவன் வாய்விட்டுச் சிரித்தானாம். அந்தச் சிரிப்பைப் பற்றி அவள் என்னிடம் பல தடவை சொல்லிவிட்டாள். பக்கத்து வீட்டு அக்கா என்று என்னிடம்தான் எல்லாம் சொல்வாள். அப்போது அவளுக்கு இருபது வயது. எனக்கும் பெரிய வித்தியாசமில்லை, ஆனால் இடுப்பில் ஒன்றும் வயிற்றில் ஒன்றும் இருந்ததால் நான் அக்கா.

கோதுமை மாவுக்கு அரசாங்கம் தடை போட்டிருந்த காலம் அது. பூரி இல்லாமல் கல்யாணம் செய்தால் செத்தவர்கள்கூட எழுந்து வந்து கேட்பார்கள். சுரினாம் பக்கத்திலிருந்து கள்ளத்தனமாக வந்த மாவை அரிசி மூட்டைக்குள் மறைத்துக் கொண்டுவந்து என் கட்டிலுக்கடியில் வைத்தோம். மூட்டை வெளியே தெரியக்கூடாது என்று என் மாமியாரை ஒரு வாரம் அந்தக் கட்டிலிலேயே படுக்க வைத்தேன். அம்மாவுக்கு இடுப்பு வலி என்று ஊரெல்லாம் சொல்லி வைத்ததில், மூன்று பேர் எண்ணெய் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

பண்டிதர் பஞ்சாங்கம் பார்த்து ஒரு ஞாயிற்றுக்கிழமை குறித்தார். பௌர்ணமியை ஒட்டிய நாள். பௌர்ணமி என்றால் ஆறு மற்ற நாட்களைவிட உயரமாக ஏறும். மழை தொடங்கி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. கரையெல்லாம் முழங்கால் சேறு, ஆற்றில் மட்டும் உப்பு இன்னும் போகவில்லை. ஊரில் எல்லா வீட்டு நாற்றங்காலிலும் அப்போதுதான் விரல் நீளத்துக்கு நாற்று வந்திருந்தது. ரோடு கிடையாது, மாப்பிள்ளை வீட்டார் படகில்தான் வர வேண்டும். ஆறும் வெட்டும் சமமாக நிற்கிற நேரத்தில் கதவைத் தூக்கினால் படகு நேராக எங்கள் வீட்டு வாசல்வரை வந்துவிடும். பத்து மணிக்குள் வந்தால் போதும்.

இங்கேதான் மாமா தப்பு செய்தார். எங்கள் ஆட்கள் கல்யாணத்துக்கு நேரத்துக்கு வரமாட்டார்கள். வழியில் இருக்கிற ஒவ்வொரு துறையிலும் இறங்கி ஆடிவிட்டுத்தான் வருவார்கள். அதனால் பெண் வீட்டார் எப்போதும் இரண்டு மணி நேரம் முன்னால் வைத்துச் சொல்வது வழக்கம். மாமா ஜன்மத்தில் நேரத்தில் பொய் சொன்னவரில்லை. கடலோடு வேலை செய்கிறவன் எப்படிச் சொல்வான்? ஆனால் மகள் கல்யாணம், ஊர் வழக்கப்படி செய்வோம் என்று எட்டு மணி என்று சொல்லிவிட்டார். மாப்பிள்ளை வீட்டாருக்கும் அந்த வழக்கம் தெரியும். எட்டு என்றால் பத்து, பத்துக்குப் போனால் நாம் அலைகிறவர்கள் மாதிரித் தெரியும், பன்னிரண்டுக்குப் போவோம் என்று அவர்கள் கணக்குப் போட்டுவிட்டார்கள்.

அன்று பத்து மணிக்கு மதகு திறந்திருந்தது. ஆற்றில் ஒரு கொக்குகூட வரவில்லை. தண்ணீர் ஏறத் தொடங்கியதும் மாமா கதவை இறக்கினார். நான் வரவேற்புக்குச் சொம்பில் தண்ணீரும் மாவிலையும் வைத்துக்கொண்டு ஈரக்கரையில் நின்று நின்று கால் மரத்துப் போய்விட்டது. சூரியன் உச்சிக்கு வந்த பிறகு தாசா மேளம் கேட்டது. பெரிய படகு, கொடி, காகிதப் பூ, நடுவில் தலையில் மகுடத்தோடு மாப்பிள்ளை. ஆறு அதற்குள் கதவில் பாதிக்கு மேல் ஏறி முட்டிக்கொண்டிருந்தது.

“என்ன சம்பந்தி, கதவச் சாத்திட்டா வரவேற்பீங்க?” என்று பல்ராஜ் படகிலிருந்து கத்தினார். “எங்க ஊர்ல தொறந்து வச்சு வரவேற்பாங்க!” படகில் ஒரே சிரிப்பு.

“ஏத்தம் வந்துடுச்சு சம்பந்தி. நீங்க பத்துக்குள்ள வந்திருக்கணும்.”

“எட்டுன்னுதானே சொன்னீங்க? எட்டுன்னா பன்னெண்டுன்னு பொறந்த கொழந்தைக்கும் தெரியுமே!”

“இந்தத் தடவ எட்டுன்னா பத்து.”

“அத மொதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?”

நானே சிரித்துவிட்டேன். அப்போது யாருக்கும் இது பெரிய விஷயம் என்று தோன்றவில்லை.

“சரி, லேசாத் தூக்குங்க. சரக்குனு உள்ள வந்துடுறோம்.”

“லேசாத் தூக்குற கதவு இல்ல இது. தூக்கினா ஆறு தள்ளும். அப்புறம் எறக்க முடியாது. ஊரு நாத்து பூரா உப்புல போயிடும்.” மாமாவின் குரல் களைத்துப் போயிருந்தது. முந்தின இரண்டு இரவும் அவர் கண்ணை மூடவில்லை என்பது எனக்குத் தெரியும்.

பல்ராஜின் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. சந்திராவத்தியின் தாய்மாமன் ஹரிலால் ஓடிவந்து மாமாவின் கையைப் பிடித்தார். “மச்சான், நாத்து போனா மறுபடி வெதைச்சுக்கலாம். பொண்ணு வாழ்க்கை போனா எங்க போய் வெதைப்பே? தொற!”

மாமா கரையில் நின்ற ஊரைப் பார்த்தார். எல்லாரும் நல்ல சட்டை போட்டு வந்திருந்தார்கள். எல்லார் வீட்டிலும் நாற்று இருந்தது. திற என்றும் ஒருவர் சொல்லவில்லை, திறக்காதே என்றும் ஒருவர் சொல்லவில்லை. என் வீட்டு ஊறுகாய் உட்பட அத்தனை பேரும் தங்கள் தங்கள் பாதத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எனக்கு இன்றைக்கும் நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

“எறங்கி வாங்க சம்பந்தி,” என்றார் மாமா. “சேறுதான். மாப்பிள்ளைய நான் தோள்ல தூக்கிட்டு வரேன். அவரு கால்ல ஒரு பொட்டு ஒட்டாது.”

“எம் புள்ள என்ன நெல்லு மூட்டையா?”

“அப்ப சாயங்காலம் தண்ணி வத்துற வரைக்கும்…”

“பொழுது சாஞ்சப்புறம் கல்யாணம் இல்ல,” என்று பண்டிதர் பின்னாலிருந்து சொன்னார். அந்த ஆளை யார் கேட்டது?

மாப்பிள்ளைப் பையன் எழுந்து நின்றான். ஒரு காலைப் படகின் விளிம்பில் வைத்தான். “உக்காருடா,” என்றார் அப்பா. உட்கார்ந்துவிட்டான். அவ்வளவுதான். உட்காராமல் இருந்திருந்தால் நான் இதைச் சொல்லவே வேண்டியிருக்காது.

“சொந்தப் பொண்ணுக்கே கதவத் தொறக்காத மனுசன் நாளைக்கு எங்களுக்கு என்ன செய்வான்? திருப்புங்கடா படக!”

படகு திரும்பியது. மேளக்காரர்களை நிறுத்து என்று யாரும் சொல்லவில்லை. அவர்கள் பாட்டுக்கு அடித்துக்கொண்டே போனார்கள்.

நான் சேற்றில் விழுந்து எழுந்து வீட்டுக்கு ஓடினேன். சந்திராவத்தி மஞ்சள் புடவையில், முகமெல்லாம் மஞ்சளோடு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். “மேளம் சின்னதாகிட்டே போகுதே அக்கா,” என்றாள். நான் சேறு சொட்ட வாசற்படியிலேயே நின்றேன். “சரி, விடு,” என்றாள்.

சாயங்காலம் ஆறு இறங்கியது. கல்யாணம் நின்றால் கடல் நிற்குமா? மாமா போய்ச் சக்கரத்தைச் சுற்றிக் கதவைத் தூக்கினார். சாப்பிடக் கூப்பிட வேண்டுமே என்று நான் போனபோது சந்திராவத்தி அதே புடவையோடு அவர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். வெளியே பாய்கிற தண்ணீரை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“நானா இருந்தா தொறந்திருப்பேன்ப்பா.”

“தெரியும்மா.”

“உனக்கு ஏன் மனசு வரல?”

அவர் சக்கரத்தின் மேல் கையை வைத்தார். “மனசெல்லாம் இல்லம்மா. ஏத்தத்துல நான் தொறந்ததே இல்ல. கை போகல.”

அவள் என்னைப் பார்த்து, “பசிக்குதுக்கா. காலைலேருந்து விரதம்,” என்றாள்.

ஊருக்கே சமைத்திருந்தோம். ஏழு கறி, சோறு, அந்தக் கள்ள மாவுப் பூரி. வீணாக்க முடியுமா? வெட்டிலிருந்து பறித்துவந்த தாமரை இலைகளைப் பந்தலில் வரிசையாகப் போட்டார்கள். ஊர் உட்கார்ந்தது. யாரும் யாரையும் பார்க்காமல் அவள் கல்யாணத்தைச் சாப்பிட்டார்கள். அவளும் வந்து வரிசையில் உட்கார்ந்தாள். பூசணிக்கறி என் பொறுப்பு; நான்தான் பரிமாறினேன். குனிந்து போடும்போது கண்ணீரில் எனக்கு இலையே தெரியவில்லை. இலையில் ஒன்றும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள். பூசணி இன்னும் கொஞ்சம் போடச் சொன்னாள்.

அந்த வருஷம் நெல் நன்றாக விளைந்தது. அதைப் பற்றி மாமாவிடம் யாரும் பேசவில்லை. பல்ராஜின் மகனுக்கு அடுத்த அறுவடைக்குள் வேறு இடத்தில் முடிந்தது. இவளுக்கு வேறு இடம் வரவில்லை. படகு திரும்பிய பெண் என்று ஒரு சொல் வந்துவிட்டது. அது எந்த ஊருக்கும் படகைவிட வேகமாகப் போய்ச் சேர்ந்தது.

மாமா சில வருஷம் கழித்து ஒரு காலையில் சக்கரத்துக்குப் பக்கத்துப் பெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பினால் எழவில்லை. கதவு இறங்கியிருந்தது, இறக்கி வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறார். வேறு ஆள் கிடைக்கிற வரைக்கும் நீ பார் என்று வடிகால் ஆபீஸில் இவளிடம் சொன்னார்கள். இன்னும் ஆள் கிடைக்கவில்லை.

இவளுக்கும் அதே முகம் வந்தது. கண்ணுக்குக் கீழே அதே கறுப்பு. பேச்சுக்கு நடுவில் தலை தொங்கும். என் சமையலறையில் கீரை நறுக்கிக்கொண்டே தூங்குவாள். நான் கத்தியை எடுத்து வைத்துவிடுவேன். தூக்கம் பிடிக்கும் என்று சொன்ன பெண். கல்யாணங்களுக்கு அவள் போவதில்லை. கூப்பிட்டால், “ஏத்தம் இருக்கு” என்பாள். எப்போதும் ஏற்றம் இருக்கும்.

அப்புறம்தான் செங்கல். பழைய சர்க்கரை ஆலையின் புகைபோக்கி இடிந்து கொட்டிக் கிடந்தது. மதகுக்குப் போகும்போதெல்லாம் அங்கிருந்து இரண்டு கையிலும் செங்கல் எடுத்துப் போய், ஆற்றுத் துறையிலிருந்து ஊர்வரைக்கும் இருக்கும் கரைச் சேற்றில் பதித்தாள். முதலில் பதித்ததைச் சேறு விழுங்கிவிட்டது. அதன் மேலே பதித்தாள். அதையும் விழுங்கியது. “ஏம்மா, டச்சுக்காரன் பேய்க்கு வீடு கட்டுறியா?” என்று கேலி செய்தார்கள். ஹரிலால்கூட, “அக்கா பொண்ணுக்கு மரை கழண்டுபோச்சு” என்றார். நான் ஒருநாள் கேட்டேன், எதற்கடி இது என்று. “செருப்பு வழுக்குதுக்கா” என்றாள். மழைக்கு மழை கல் அமிழும், அவள் மறுபடியும் போடுவாள். வருஷங்கள் போயின. ஒரு கட்டத்தில் சேறு களைத்துவிட்டது போலிருக்கிறது, கல் நின்றது.

என் கடைசிப் பெண் ஓமாவத்தியின் கல்யாணம் அப்போதுதான் வந்தது. சம்பந்தியிடம் நான் உண்மையான நேரத்தைச் சொன்னேன். தலையில் அடித்துச் சத்தியம் வாங்கினேன். என்ன பிரயோஜனம்? படகின் மோட்டார் வழியில் நின்றுவிட்டதாம். மேளம் கேட்டபோது ஆறு ஏறிக் கதவில் முட்டிக்கொண்டிருந்தது. முந்தின நாள் மழை. படகில் மாப்பிள்ளையின் அம்மா பட்டுப்புடவையில் உட்கார்ந்திருந்தாள். அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்குப் பழைய மேளம் காதுக்குள் கேட்க ஆரம்பித்தது, தூரமாகிக்கொண்டே போகிற மேளம்.

நான் மதகில் ஏறி ஓடினேன். எல்லாம் தெரிந்தவள் நான், என்னைப் போல யாருக்குத் தெரியும்? ஆனாலும் அவள் கையைப் பிடித்தேன். “தொறடீ. என் தாயில்ல, ஒரே தடவ தொற. நாத்து போனா போகட்டும். என் பொண்ணு…”

அவள் சக்கரத்தின் மேல் கையை வைத்திருந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். திறந்திருப்பேன் என்று சொன்னவளாயிற்றே, திறந்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன்.

“ஏத்தம், அக்கா,” என்றாள். பிறகு கரையைக் காட்டினாள். “எறங்கி நடக்கச் சொல்லு. காய்ஞ்சு கெடக்கு.”

நடந்து வந்தார்கள். மேளக்காரர்கள் முன்னால், மகுடம் சாயாமல் மாப்பிள்ளை, பின்னால் அத்தனை பேரும், செங்கல் மேலே. மாப்பிள்ளையின் அம்மா கல் காலில் குத்துகிறது என்று முனகிக்கொண்டே வந்தாள். குத்தட்டும் என்று நினைத்தேன். அவள் பட்டில் ஒரு பொட்டுச் சேறு ஒட்டவில்லை.

சந்திராவத்தி அன்றைக்கும் பந்தலுக்கு வரவில்லை. கன்னிகாதானம் முடிந்ததும் நான் ஒரு தாமரை இலையில் ஏழு கறியும் சோறும் பூரியும் வைத்துக் கட்டி எடுத்துக்கொண்டு மதகுக்குப் போனேன். பெஞ்சில் உட்கார்ந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்ப மனசில்லை; ஆனாலும் எழுப்பினேன். புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு இலையை மடியில் வைத்துச் சாப்பிட்டாள். அவசரமில்லாமல், ஒவ்வொன்றாக. நான் எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஆற்றில் தண்ணீர் இன்னும் இறங்கத் தொடங்கவில்லை.

“பூசணில உப்புக் கம்மி, அக்கா.”

“போடி. உன் நாக்கு செத்துப்போச்சு.”

“அன்னிக்கும் கம்மிதான்,” என்றாள். “நீ அழுதுகிட்டே போட்டியா, அதான் சொல்லல. இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கித் தின்னேன்.”

இலையைத் துடைத்துச் சாப்பிட்டு முடித்தாள். நான் எழுந்து சங்கிலியைப் பார்க்கிற மாதிரித் திரும்பி நின்றுகொண்டேன்.